மாதிரிப் படமா, வெறும் தாளா: சின்னக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது?

என் மகளுக்கு நாலு வயது முடிந்த சமயம். ஒரே வாரத்தில் இரண்டு தாள்கள் என் கைக்கு வந்தன. ஒன்று, ஓவிய வகுப்பிலிருந்து அவள் கொண்டுவந்த ஆந்தை. பழுப்பு அட்டையில் வெட்டிய உடல், வெள்ளை வட்டக் கண்கள், ஆரஞ்சு முக்கோண மூக்கு, எல்லாம் அதனதன் இடத்தில். அவளை அழைத்துவரப் போனபோது கயிற்றில் பதினைந்து இருபது ஆந்தைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தன்னுடையது எது என்று அவளுக்கே தெரியவில்லை. பின்பக்கம் எழுதியிருந்த பெயரைப் பார்த்துத்தான் ஆசிரியை எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்று வீட்டில் செய்தது. அதைப் படம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். தாள் முழுக்கச் சேற்று நிறம், நடுவில் நைந்து ஒரு ஓட்டை. ஆனால் நான் ஆரம்பத்திலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் மஞ்சளில் ஒரு வீடு வந்தது. வீட்டுக்குள் ஒரு பூனை. அப்புறம் மழை: தூரிகையை நிமிர்த்திப் பிடித்து டொப் டொப்பென்று நீலப் புள்ளிகள். மழை வலுத்தது, புள்ளிகள் கோடுகளாயின. மஞ்சள்மேல் நீலம் விழுந்த இடத்தில் பச்சை வந்ததும் கையை நிறுத்தி உற்றுப் பார்த்தாள். “செடி முளைச்சிடுச்சு” என்றாள். பிறகு ராத்திரி ஆயிற்று. கறுப்பு வண்ணம் இல்லை. இருந்த நிறத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி ராத்திரியைக் கொண்டுவந்தாள். கடைசியில் பூனை வெளியே வர வழி வேண்டும் என்று, ஊறிப்போன தாளை விரலால் குத்தினாள். மொத்தம் நாற்பது நிமிஷம். நடுவில் ஒருமுறைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் வகுப்புக்கு அடுத்த தவணைப் பணம் கட்டவேண்டியிருந்தது. கட்டுவதா, நிறுத்திவிட்டு வீட்டிலேயே தாளும் வண்ணமும் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டாயம். அப்போது படித்ததும், அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகப் பார்த்ததும் இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்கு உதவலாம் என்று தோன்றுகிறது.

நம் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. கலரிங் புத்தகம். துண்டுகளெல்லாம் வெட்டித் தயாராக வரும் கிராஃப்ட் பெட்டி. படிப்படியாக வரையச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. கடைசியாக, மாதிரி எதுவும் வைக்காமல் பொருள்களைக் கொடுத்துவிட்டு நாம் விலகி உட்காருவது. இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன். முடிந்தபிறகு அது எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்தது யார்? முதல் மூன்றிலும் குழந்தை வந்து உட்காருவதற்கு முன்பே யாரோ ஒரு பெரியவர் முடிவு செய்துவிடுகிறார். நான்காவதில் குழந்தை முடிவு செய்கிறது, அதுவும் போகிற போக்கில், பலமுறை மாற்றிக்கொண்டு.

கலரிங் புத்தகத்தை முதலில் பார்த்துவிடலாம். அதை ஒரேயடியாகத் திட்டுபவள் இல்லை நான். நீண்ட பயணத்திலோ, மருத்துவருக்காகக் காத்திருக்கும்போதோ அதைப்போல உதவும் பொருள் வேறில்லை. பென்சிலை அழுத்திப் பிடிக்கவும் கோட்டருகே கையை நிறுத்தவும் கொஞ்சம் பழக்கம் கிடைக்கிறது. சில குழந்தைகளுக்கு மனம் அமைதியாகிறது. ஆனால் அதை ஓவியத்தின் கணக்கில் சேர்க்கக்கூடாது. கலைக்கல்வியைப் பற்றி 1947-இல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட் இதைத்தான் கடுமையாக எதிர்த்தார். குழந்தை தானாக வரையும் பறவைக்கும், அச்சடித்த பறவைக்கு வண்ணம் தீட்டிப் பழகியபின் அதே குழந்தை வரையும் பறவைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் படமாகவே காட்டினார். முதல் பறவை அந்தக் குழந்தைக்குத் தெரிந்த பறவை. பின்னது புத்தகத்தின் பறவை. அச்சுப் படத்தோடு தன் படத்தை ஒப்பிடும் குழந்தை, தன்னுடையதுதான் தப்பு என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறது. “எனக்கு வரைய வராது” என்ற பேச்சு ஐந்து வயதிலேயே தொடங்க இது ஒரு காரணம் என்று நானும் நம்புகிறேன்.

கிராஃப்ட் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் மகளின் ஆந்தை அந்த ரகம்தான். சொன்ன வரிசையில் செய்வது, காகிதத்தை மடிப்பது, பசையை அளவாக எடுப்பது போன்றவற்றைக் கற்றுக்கொள்ள அது உதவும். ஆனால் மூன்று நான்கு வயதில் பாதி வேலையைப் பெரியவர் கைதான் செய்கிறது. கண் கோணலாக ஒட்டியிருந்தால் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் எடுத்து நேராக்கிவிடுகிறார். அதைக் குழந்தை பார்க்கத்தான் செய்கிறது.

வகுப்புதான் உண்மையில் யோசிக்கவேண்டிய விஷயம்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டிலும் மகளை வகுப்பில் சேர்க்கச் சொன்னார்கள். அதில் தப்பில்லை, கை பழகத்தான் வேண்டும். எதில் பழகுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். ஒரு முட்டை போடு, அதன்மேல் சின்ன முட்டை போடு, இரண்டு காது வை, வாலை வளை, பூனை ரெடி. இப்படி வரையும் குழந்தையின் கை, சொன்னதைச் சொன்னபடி செய்யப் பழகுகிறது. பூனையைப் பார்க்கப் பழகவில்லை. எதை முதலில் போடுவது, எங்கே நிறுத்துவது, இந்த இடத்துக்கு இந்த நிறம் சரியா என்று முடிவெடுக்கவும் பழகவில்லை. ஓவியத்தில் கைவேலையைவிட அதிகமாக இருப்பது இந்த முடிவுகள்தான்.

இங்கே எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் ஒரு சம்பவம் ஓவியத்தைப் பற்றியதே இல்லை. 1987-இல் ஹோவர்ட் கார்ட்னர், எலன் வின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி, தங்கள் ஒன்றரை வயது மகனோடு சீனாவின் நாஞ்சிங் நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அறைச் சாவியைப் போடுவதற்கு என்று ஒரு துளை இருந்தது. குழந்தைக்கு அந்தச் சாவியைத் துளைக்குள் நுழைக்க ஆசை. பெரும்பாலும் நுழையாது. திருப்பித் திருப்பி முட்டுவான், அந்தச் சத்தமே அவனுக்கு விளையாட்டு. பெற்றோர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பக்கம் போகும் விடுதி ஊழியர்கள் வந்து, குழந்தையின் கையை மெல்லப் பிடித்துச் சாவியைச் சரியாக நுழைத்துவிட்டு, உதவி செய்த திருப்தியோடு பெற்றோரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெற்றோர், ஊழியர் இரு தரப்புமே குழந்தையின்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஒருவருக்குச் சாவி உள்ளே போகவேண்டும். இன்னொருவருக்குச் சாவி எப்படி உள்ளே போகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கவேண்டும். கார்ட்னர் இதை வைத்து ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. திறமையும் வேண்டும், தானாகத் தேடும் துணிவும் வேண்டும். எதை முதலில் கொடுப்பது என்பதில்தான் சீன, அமெரிக்க மரபுகள் இரண்டும் பிரிகின்றன என்றார்.

எதை முதலில் என்ற அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தரும் சோதனை ஒன்று உண்டு. எலிசபெத் போனாவிட்ஸும் சக ஆய்வாளர்களும் செய்தது, 2011-இல் வெளிவந்தது. பல வேலைகள் செய்யும் ஒரு விசித்திரப் பொம்மை: ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும், இன்னொரு இடத்தில் விளக்கு எரியும், வேறொன்றில் இசை, ஒன்றுக்குள் கண்ணாடி. சில குழந்தைகளுக்கு, “இது இப்படித்தான் வேலை செய்யும், பார்” என்று கீச்சிடுவதை மட்டும் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அப்படிப் பாடம் எதுவும் நடத்தவில்லை. பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டுச் சீக்கிரம் வைத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் அதிக நேரம் விளையாடி, ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் அதிகம் கண்டுபிடித்தார்கள். பெரியவர் காட்டினால், காட்டவேண்டியது அவ்வளவுதான் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. வீடு என்றால் ஒரு சதுரமும் முக்கோணமும், சூரியன் என்றால் தாளின் மூலையில் கால்வட்டம் என்று ஆகிப்போவது இப்படித்தான்.

ஆனால் வகுப்பின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் சொல்லவேண்டும். எட்டு ஒன்பது வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு மாற்றம் வருகிறது. படம் நிஜம்போல இருக்கவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொள்கிறது. லோவன்ஃபெல்ட் ஏறக்குறைய 9 வயதில் இந்தக் கட்டம் தொடங்குவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் “உனக்குத் தோன்றியபடி வரை, எல்லாமே அழகுதான்” என்று சொல்லிக்கொண்டிருப்பது கைவிடுவதற்குச் சமம். குதிரையின் பின்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று கேட்கும் பிள்ளைக்கு அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நிறைய பேர் வரைவதை அந்த வயதோடு நிறுத்திவிடுவதற்கு, கேட்ட உதவி கிடைக்காததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பார்த்து வரைவதும் அப்படியொன்றும் பாவமில்லை. கலைக்கல்வியில் ஆய்வு செய்த பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும், குழந்தைகள் காமிக்ஸிலிருந்தும் அண்ணன் அக்காக்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் தாங்களாகவே எடுத்துக்கொண்டு வரைவதை 1970-களிலேயே எடுத்துக்காட்டினார்கள். தானே விரும்பி ஒரு டைனோசரைப் பார்த்து நாற்பது முறை வரையும் குழந்தையையும், எல்லோரும் போடும் ஆந்தையைப் போடச் சொல்லி உட்காரவைத்த குழந்தையையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது. முதல் குழந்தைக்கு அந்த டைனோசர் வேண்டும்.

சரி, மாதிரி இல்லாத வழிக்கு வருவோம். இதன்மேல் உள்ள முதல் சந்தேகம், சொல்லித்தராவிட்டால் குழந்தை வெறுமனே கிறுக்கிக்கொண்டே இருக்காதா என்பது. இருக்காது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை ஓவியங்களைச் சேர்த்துப் பார்த்தவர். கிறுக்கல்களுக்குள்ளேயே 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். புள்ளி, நிற்கும் கோடு, படுத்த கோடு, சுழி, கண்ணி என்று போகும் அந்தப் பட்டியல். கோடு மூடி வட்டமாகிறது. வட்டத்துக்குள் குறுக்குக்கோடு வருகிறது. வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள் முளைத்துச் சூரியன் ஆகிறது. சூரியனுக்குள் இரண்டு புள்ளிகள் கண்களாகின்றன. கீழே இரண்டு கதிர்கள் மட்டும் நீண்டு கால்களாகின்றன. உடம்பே இல்லாமல் தலையிலிருந்து கால் முளைத்த அந்த மனிதரை உங்கள் வீட்டுச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். யாரும் அப்படி வரையச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனாலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் எத்தனையோ இடங்களில் அதே மனிதரைக் கண்டடைகிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் ஹென்றி லூக்கே 1920-களில் சொன்னதுபோல, இந்த வயதில் குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டுச் சுவர் வழியாகப் பூனை தெரிவதும் அம்மா வயிற்றுக்குள் பாப்பா தெரிவதும் அதனால்தான். இதைத் திருத்துவது, பேசக் கற்கும் குழந்தையின் மழலையைத் திருத்துவதுபோல. வளர்ச்சி தன் வழியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது சந்தேகம், இது ஒழுங்கில்லாத வழி என்பது. உண்மையில் இந்த வழியில் பேர் பெற்ற இடங்கள் எல்லாமே மிகவும் கட்டுக்கோப்பானவை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இல் தொடங்கிய சிறுவர் ஓவிய வகுப்பு இந்த மரபின் முன்னோடி. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில், 1963 முதல் நகராட்சி நடத்தும் மழலைப் பள்ளிகளுக்கு லோரிஸ் மலகூஸி தந்த வடிவத்தில், பள்ளிக்குள்ளேயே ஒரு கலைக்கூடமும் அதற்கென்று கலை படித்த ஒருவரும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸில் ஆர்னோ ஸ்டேர்ன் நடத்திய அறை. ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் தாளைச் சின்ன ஆணியால் குத்தி, நின்றுகொண்டே வரையவேண்டும். அறையின் நடுவில் நீளமான வண்ண மேஜை, அதில் 18 வண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தூரிகை. எந்தத் தூரிகையை எடுத்தாலும் அதன் இடத்திலேயே திருப்பி வைக்கவேண்டும். படத்தைப் பற்றி யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள், பாராட்டும் கிடையாது. படங்கள் வீட்டுக்கும் போகாது, கண்காட்சிக்கும் போகாது. ஆணி நகர்த்துவது, வடியும் வண்ணத்தைத் துடைப்பது, எட்டாத பிள்ளைக்கு ஸ்டூல் வைப்பது, இவைதான் பெரியவர் வேலை. பொருளைக் கையாளுவதில் இவ்வளவு கண்டிப்பு, தாளுக்குள் முழுச் சுதந்திரம். இதைப் படித்தபிறகுதான் வீட்டில் நான் எங்கே கண்டிப்பாக இருக்கவேண்டும், எங்கே வாயை மூடவேண்டும் என்று புரிந்தது.

ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். சிசெக்கின் வகுப்பில் பிள்ளைகள் சுதந்திரமாக வரைந்த படங்களும் ஒரே சாயலில் இருக்கின்றன என்று பின்னாளில் விமர்சனம் வந்தது. மாதிரிப் படம் வைக்காவிட்டாலும் நம் முகம் ஒரு மாதிரிதான். எந்தப் படத்துக்கு அம்மாவின் கண் மலர்கிறது என்பதைக் குழந்தை படித்துவிடும்.

வீட்டில் நான் செய்வது இவ்வளவுதான். தரையில் பழைய துணி விரிப்பு. எளிதில் கிழியாத தடித்த தாள், அவள் கை வீச்சுக்கு ஏற்ற பெரிய அளவில். வண்ணம் இரண்டோ மூன்றோ மட்டும், அகலமான சின்னக் கிண்ணங்களில், தண்ணீர்போல இல்லாமல் கெட்டியாக. ஒருநாள் மஞ்சளும் நீலமும், இன்னொரு நாள் சிவப்பும் வெள்ளையும். பன்னிரண்டு வண்ணம் வைத்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் சேறாகிவிடும், அதன்பிறகு கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. தூரிகை ஒன்று பட்டை, ஒன்று மெல்லியது. பக்கத்தில் ஈரத்துணி. கைக்கெட்டும் இடத்தில் இன்னும் இரண்டு தாள். வாரத்தில் ஒருநாள் களிமண். களிமண்ணை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன், ஏனென்றால் அதில் தப்பு என்பது நிலைப்பதில்லை, அமுக்கினால் மறுபடி உருண்டை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வாயில் வைக்கும் என்பதால் விஷமில்லாத வண்ணம்தானா என்று பார்த்து வாங்கவேண்டும், பேனா மூடி போன்ற சின்னப் பொருள்களைத் தள்ளி வைக்கவேண்டும்.

கருவியைப் பிடிக்கச் சொல்லித்தருவதில் எனக்குத் தயக்கமே இல்லை. தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்தால் வண்ணம் சொட்டாது. களிமண் துண்டை ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் கீறி, தண்ணீர் தடவவேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் விழுந்துவிடும். கத்தரிக்கோலைத் திருப்பாதே, காகிதத்தைத் திருப்பு. இவற்றை மறைத்து வைத்தால் குழந்தைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் நான் சொல்வதில்லை.

பேச்சுதான் கஷ்டம். என் அம்மா அந்தச் சேற்று நிறத் தாளைப் பார்த்து ஆசையாகத்தான் கேட்டார், “இது என்னடி தங்கம்?” என்று. மகள் முகம் சட்டென்று வாடிவிட்டது. என்ன என்று தெரியவில்லை என்றால் சரியாக வரவில்லை என்று அர்த்தமாகிறதே. அதற்குப் பதிலாக, “இங்கே தூரிகையை ரொம்ப அழுத்தியிருக்கே” என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னாலே போதும், குழந்தை கதையைத் தானாகக் கொட்டும். “சூப்பர்” என்ற சொல்லையும் குறைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் சூப்பர் என்றால் அடுத்த தாளிலிருந்து அந்தச் சொல்லுக்காக வரைய ஆரம்பிக்கிறாள்.

அப்புறம் அந்தச் சிக்கலான வேண்டுகோள்: “அம்மா, எனக்கு நாய் வரையத் தெரியல, நீயே வரைஞ்சு குடு.” வரைந்து கொடுத்தால் அது என் நாய், அடுத்த நாயையும் நானேதான் வரையவேண்டும். மறுத்தாலும் அழுவாள். ஒருநாள் நான் தரையில் நாலு காலில் நின்றேன். “நான்தான் நாய். கால் எங்கேயிருந்து வருது பாரு” என்றேன். சுற்றிவந்து பார்த்தாள். “வயித்துலேருந்து” என்றாள். “எத்தனை?” என்றேன். எண்ணினாள். பிறகு ஒரு நீள வயிறு போட்டு, கீழே நாலு கால் வரிசையாக, சீப்பின் பல்போல. தலையைத் தாளில் இடமில்லாமல் மேலே வைத்தாள். அந்த நாயை அவளுக்கு யாரும் திருத்திக்கொடுக்கவில்லை.

போட்டிகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பல வகுப்புகள் போட்டியைக் காட்டித்தான் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த சோதனை இதில் பெயர்பெற்றது. வரைவதை ஏற்கெனவே விரும்பிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, அதே வண்ணப் பேனாக்களை விளையாட்டு நேரத்தில் சும்மா வைத்துப் பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசுக்காக வரைந்த படங்கள் தரத்திலும் கீழே இருந்தன. 1980-களின் தொடக்கத்தில் உளவியலாளர் தெரசா அமபிலே 7 முதல் 11 வயதுச் சிறுமிகளைக் காகிதங்கள் ஒட்டிப் படம் செய்யச் சொல்லிப் பார்த்தபோதும், பரிசுக்குப் போட்டியிட்டவர்களின் படங்களில் புதுமை குறைவாக இருந்தது. எனவே 8 வயதுக்குள் போட்டி வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மாதிரி இல்லாத வழிக்கு நிஜமான குறைகளும் உண்டு. வீடு அழுக்காகும். பக்கத்தில் ஒரு பெரியவருக்கு நேரம் வேண்டும், அது எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. சில குழந்தைகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் கையில் பட்டால் தாங்காது. அவர்களிடம் தூரிகையைத் திணிக்காமல் சாக்பீஸ், பென்சில், காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது என்று உலர்ந்த பொருளில் தொடங்கலாம். வெறும் தாளைப் பார்த்தாலே பயந்து உறையும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சின்ன ஒரு பிடி கொடுப்பதில் தவறில்லை: தாளில் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுப்பது, ஒரு மூலையில் நூல் துண்டை ஒட்டிக் கொடுப்பது. அங்கிருந்து எங்கே போகிறது என்பது குழந்தை கையில். இந்தக் குழந்தைகளுக்குத்தான் படிப்படி வகுப்பு நல்லது என்பார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். தப்பாகிவிடுமோ என்று பயப்படும் குழந்தையைச் சரியான விடை மட்டுமே உள்ள இடத்தில் உட்காரவைத்தால் அந்தப் பயம் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும்.

ஆகவே, என்னைக் கேட்டால்: இரண்டு வயது முதல் ஏழு வயதுவரை வீட்டில் தாளும் வண்ணமும் களிமண்ணும் போதும். கலரிங் புத்தகம் பயணப் பையில் இருக்கட்டும். கிராஃப்ட் பெட்டி பரிசாக வந்தால், செய்முறைத் தாளைத் தனியே எடுத்துவிட்டுத் துண்டுகளை மட்டும் கொடுங்கள். ஆந்தையின் கண்கள் கப்பலின் ஜன்னல்களாகும். பெரியவர்கள் இருவருக்கும் நேரமே இல்லாத வீடு என்றால் வகுப்புக்குப் போகலாம், ஆனால் சேர்க்குமுன் ஒருமுறை நடக்கும்போது போய்ப் பாருங்கள். சுவரில் உள்ள படங்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா? ஆசிரியர் கையில் பென்சிலோ ரப்பரோ இருக்கிறதா, அது குழந்தையின் தாளைத் தொடுகிறதா? பாதியில் நிற்கும் படத்தை அடுத்த வாரம் தொடர இடம் தருகிறார்களா? பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? இவை தெரிந்தால் விளம்பரத் தாள் தேவையில்லை. எட்டு வயதுக்குமேல், பிள்ளையே கேட்கும்போது, நன்றாகச் சொல்லித்தரும் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். அப்போது பணம் செலவழிப்பதில் யோசிக்கவேண்டாம்.

நாங்கள் அந்தத் தவணையைக் கட்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒருநாள், ஏணியில் ஏறும் ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து, விரல்கள் எப்படி எதையாவது பிடிக்கின்றன என்று யாராவது சொல்லித்தருவார்களா என்று கேட்டாள். இப்போது ஒரு வகுப்புக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் இடது கையில் ஒரு டம்ளரைப் பிடித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு, வலது கையால் அதை வரைகிறாள். கட்டைவிரல் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்கிறாள். தாளைத் திருப்பி மறுபடி வரைகிறாள்.